கண்டிக்குப் பயிற்சிக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து கண்டிக்குப் போய், கணக்காய்வு ஆபிஸ் ஒன்றில் ஜூன் தொடங்கி ஓகஸ்ட் முடியும்வரை இன்டர்னாக இருந்தேன். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாருக்காவது கண்டியில் பயிற்சி கிடைத்தால் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கொழும்புக்குப் போகிறவர்களுக்கு இதில் பாதிதான் உதவும்.

கண்டியெல்லாம் ஒரு பெரிய நகரமா அக்கா?

கொழும்பில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நகரத்தின் நடுப்பகுதியை அரைமணி நேரத்தில் நடந்தே முடித்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் சுற்றிவர மலை, நடுவில் வாவி, எல்லாப் பக்கத்து வீதியும் வந்து ஒரே இடத்தில் முட்டுகிறது, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பஸ்ஸைவிட நீங்கள் நடந்து முன்னால் போய்விடுவீர்கள். ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போவதையே டவுனுக்குப் போவது என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது பெரிய நகரம்தான்.

உண்மையில் ஆளை அசத்துவது கட்டடங்கள் இல்லை. தோட்டத்தில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போனால் நாம் திரும்பி வருவதற்கு முன்னாடியே செய்தி வீட்டுக்கு வந்துவிடும். கண்டியில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். முதல் வாரம் அது சந்தோஷமாக இருக்கும், அடுத்த வாரம் கொஞ்சம் பயமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

போடிங் (வாடகை அறை) எங்கே தேடுவது? போனதும் என்ன கேட்பது?

இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு சரிசெய்துகொள்ளலாம். ஆபிஸுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு சின்ன அறை, கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் இருக்கும் பெரிய அறையைவிட மேல். கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனையிலும் வாடகை கொஞ்சம் குறையும், ஆனால் மிச்சம் பிடித்ததை பஸ்ஸும் களைப்பும் தின்றுவிடும். கட்டுக்கலை, அஸ்கிரிய, மஹியாவை பக்கங்களில் முதலில் விசாரியுங்கள். பேஸ்புக்கில் வரும் படங்களை நம்பி முற்பணம் அனுப்பாதீர்கள், அறையைப் பார்க்காமல் ஒரு சதம் கொடுக்கக் கூடாது.

போன் பண்ணும்போது தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்ததும் 'ரூம் போயிட்டுது' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 'எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி இருங்க' என்று சொல்லி, இரவுச் சாப்பாட்டுக்குப் பருப்புக் கறி அனுப்பிவிடுகிற சிங்கள ஆன்ட்டிகளும் இருக்கிறார்கள், எனக்குக் கிடைத்தது அப்படி ஒருவர். யார் எப்படி என்று போனில் தெரியாது, நேரில் போங்கள்.

போனவுடன் கேட்க வேண்டியவை: தண்ணீர் எந்த நேரம் வரும், கரண்ட் பில் எப்படிப் பிரிப்பது, ரைஸ் குக்கர் வைக்கலாமா, இரவு எத்தனை மணிக்குக் கதவை மூடுவார்கள், எத்தனை மாத முற்பணம், அதை எப்போது திருப்பித் தருவார்கள். நம் ஆட்களுக்கு இதையெல்லாம் கேட்கக் கூச்சம். காசு கொடுத்து இருக்கப் போகிற இடம், கேளுங்கள். முற்பணத்துக்கு ஒரு துண்டுத் தாளிலாவது கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வீட்டுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். வெட்டிவிட்ட மண்மேடு செங்குத்தாக நிற்கிறதா, சுவரில் வெடிப்பு இருக்கிறதா, மழைத் தண்ணீர் எங்கே போகிறது? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும்போது எந்தப் பிரதேச செயலகப் பிரிவு என்றுதான் சொல்லும், நீங்கள் இருக்கும் பிரிவின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அலவன்ஸ் போதுமா?

போதாது. சில இடங்களில் அலவன்ஸே கிடையாது, சில இடங்களில் பஸ் காசு மாதிரி ஏதோ தருவார்கள். சேர்வதற்கு முன்னால், மாதம் எவ்வளவு, எந்தத் திகதியில், வெளியிடத்துக்கு வேலைக்கு அனுப்பினால் பயணக் காசு உண்டா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். தருவது அலவன்ஸா சம்பளமா என்பதையும் கேளுங்கள். சம்பளம் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம் கழித்து, அவர்கள் 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் முழுக்க அவர்களுடையது. கழித்தால் அது போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் கேட்டு வாங்கும்போது நெஞ்சு கனக்கும், அது எனக்கும் தெரியும். 2024 செப்டெம்பரில்தான் தோட்டத்து அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபா ஆனது. தலதா வீதியில் இருக்கும் பெரிய கடைத்தொகுதியில் கூட வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து ஒரு குளிர் கோப்பியும் கேக் துண்டும் சாப்பிட்டால், அம்மா மலையில் ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்த காசு கிட்டத்தட்டக் காலி. எப்போதும் போகாமல் இருக்க முடியாது, போகவும் வேண்டும், இல்லாவிட்டால் ஆபிஸில் தனி ஆளாகிவிடுவீர்கள். நான் சம்பள வாரத்தில் மட்டும் போவேன், மற்ற நாளில் 'இன்றைக்குக் காசில்லை' என்று நேரே சொல்லிவிடுவேன். ஒருவரும் கேலி பண்ணவில்லை. இரண்டாவது தடவை சொன்னபோது, கூட இருந்த கண்டிப் பையனும் 'எனக்கும்தான்' என்றான்.

வங்கிக் கணக்கு புதிதாகத் திறக்கத் தேவையில்லை, ஹட்டனில் திறந்த கணக்கே போதும்.

பஸ்ஸில் எப்படிப் போவது? ரயில் இருக்கிறதா?

ஹட்டனிலிருந்து பஸ் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை வழியாக வரும், மூன்று மணி நேரமளவு வைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளில் தலை சுற்றுகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் ஏறாதீர்கள். குட்ஷெட் பஸ் நிலையத்துப் பக்கம் புதிய போக்குவரத்து நிலையம் கட்டும் வேலை தொடங்கியதிலிருந்து எந்த ஊர் பஸ் எங்கே நிற்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கிறது, பழைய ஆட்கள் சொல்வதை நம்பி நிற்காமல் அங்கேயே நேரம் குறிப்பவரிடம் கேளுங்கள். டித்வாவில் மலையக ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது, ரயிலில் வருவதென்றால் எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஆட்டோவுக்கு போனில் பிக்மீ ஆப் போட்டுப் பாருங்கள். மீட்டர் இல்லாத ஆட்டோ என்றால் ஏறுவதற்கு முன்னாடி விலை பேச வேண்டும், இறங்கும்போது பேசினால் அவர் சொன்னதுதான் விலை.

எனக்குச் சிங்களம் சரியா வராது. சமாளிக்கலாமா?

எனக்கும் வராமல்தான் போனேன். கண்டியில் தமிழ் கேட்காது என்று நினைக்காதீர்கள். கொழும்பு வீதிப் பக்கத்துக் கடைகளில், அக்குறணை, மடவளைப் பக்கத்திலிருந்து வந்து வியாபாரம் செய்யும் முஸ்லிம் நானாமாரிடம், தமிழிலேயே கதைக்கலாம். அரச அலுவலகங்களில் தமிழில் கேட்பது உங்கள் உரிமை, 1987இல் வந்த 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. கவுண்டரில் அந்த உரிமை கிடைக்கும் வேகம் வேறு விஷயம், தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொன்னால் பெரும்பாலும் கூப்பிடுவார்கள்.

ஆபிஸில்தான் நிலைமை வேறு. பைல் எல்லாம் இங்கிலிஷ், பேச்சு எல்லாம் சிங்களம், பகிடியும் சிங்களம். அந்தப் பகிடிக்கு எல்லாரும் சிரிக்கும்போது என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டேப்ளரைத் தட்டிக்கொண்டிருப்பது ஒரு மாதிரித்தான் இருக்கும். நான் செய்தது ஒன்றுதான், புரியாவிட்டால் 'மட்ட தேருனே நே, ஆய கியன்ன' என்று கேட்டேன். திரும்பச் சொல்வார்கள், மெதுவாகச் சொல்வார்கள். ஆபிஸில் தேத்தண்ணீர் ஊற்றும் அக்காதான் என் டீச்சர், நான் பிழையாகச் சொன்னால் வாய்விட்டுச் சிரிப்பார், சிரித்துவிட்டுத் திருத்துவார். எண்கள், நேரம், இடது வலது, 'கீயத' (எவ்வளவு), 'பஹினவா' (இறங்கணும்), இவ்வளவும் முதல் வாரத்துக்குள் வாயில் இருக்க வேண்டும். 'பஹினவா' என்று சத்தமாகச் சொல்ல வெட்கப்பட்டால் பஸ் உங்களை அடுத்த ஹோல்ட்டில்தான் இறக்கும்.

குளிர் சட்டை எடுக்கவா?

ஒன்று போதும், அதுவும் வீட்டுக்குத் திரும்பும் பயணத்துக்கு. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,250 மீற்றருக்கு மேலே, நுவரெலியா 1,868 மீற்றர், கண்டி 500 மீற்றர் அளவுதான். மேலிருந்து போகிறவர்களுக்கு முதல் இரவு தூக்கம் வராது, மின்விசிறிச் சத்தம் இன்னொரு தொல்லை. ஜூன், ஜூலையில் தென்மேல் பருவமழை நம் பக்கம் விடாமல் கொட்டும்போது கண்டியில் வெயிலும் தூறலும் மாறி மாறி வரும், குடை மட்டும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

குளிர்சட்டைக்குப் பதிலாக நுளம்பு வலை எடுங்கள். மேலே குளிரில் இருந்து பழகிய நமக்கு நுளம்பு என்பதே யோசனையில் வராது, கண்டியில் டெங்கு உண்டு. அந்த நுளம்பு பகலில்தான் கடிக்கும், அதனால் ஆபிஸ் மேசைக்குக் கீழே காலைக் கவனியுங்கள். காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும் போடலாம், அஸ்பிரினோ புரூபனோ வேண்டாம், இரண்டு நாளில் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை. இந்த விஷயத்தில் 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று மூன்று மணி நேரம் பஸ்ஸில் ஏறாதீர்கள், கண்டி ஆஸ்பத்திரி நடக்கிற தூரத்தில் இருக்கிறது. முடியவில்லை என்றால் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

முதல் வாரம் என்ன வேலை தருவார்கள்?

போட்டோகொப்பி. அப்புறம் இன்னும் கொஞ்சம் போட்டோகொப்பி. கணக்காய்வு ஆபிஸ் என்றால் பிறகு ஒரு கட்டு பில் தருவார்கள்: திகதி, தொகை, யார் கையெழுத்து, பேரேட்டில் அதே தொகையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கலர் பென்சிலால் சரி போட வேண்டும். சலிப்பாக இருக்கும், ஆனால் கம்பனி ஒன்று எதற்கெல்லாம் காசு செலவழிக்கிறது என்று அந்தக் கட்டில்தான் தெரிகிறது. புரியாததை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, நாளுக்கு ஒரு தடவை சீனியரிடம் மொத்தமாகக் கேளுங்கள், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழும்பிப் போனால் அவருக்குக் கடுப்பாகும்.

ஒரு நாள் தேயிலை ஃபெக்டரி ஒன்றின் கணக்கு வந்தது. ஒரு பக்கம் உள்ளே வந்த பச்சைக் கொழுந்தின் கிலோ, மறுபக்கம் வெளியே போன தேயிலையின் கிலோ, நூறுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு என்ற கணக்கில் நின்றது. கூட இருந்த பிள்ளை 'மிச்சம் எழுபத்தெட்டு கிலோவை யார் எடுத்தது' என்று சிவப்புப் பென்சிலை எடுத்துவிட்டாள். கொழுந்தில் முக்கால்வாசி தண்ணீர், வாடப் போடும்போதே கொஞ்சம் போய்விடும், மிச்சம் அடுப்பில் போகும், இந்த விகிதம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். சீனியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 'உனக்கு எப்படித் தெரியும்' என்றார். அப்பா ஃபெக்டரியில் வேலை என்றேன். அன்று பின்னேரமே பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று வகை பிரித்த சரக்கிருப்புத் தாள் முழுவதும் என் மேசைக்கு வந்துவிட்டது. வேலை கூடியது, ஆனால் போட்டோகொப்பி குறைந்தது.

எந்த ஊர் என்று கேட்டால் தோட்டம் என்று சொல்லலாமா?

சொல்லுங்கள். நுவரெலியா என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் திணறுவதைவிட அது லேசு. சிலருடைய முகம் மாறும், மாறட்டும், அவர்களோடு மூன்று மாதம்தான்.

எனக்கு உள்ளுக்குள் தைரியம் தந்தது வேறொன்று. கண்டிக்கு ரயில் வந்தது 1867இல், அதுவும் கோப்பி மூட்டை இறக்குவதற்காக. அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிராக நட்டார். அந்த மூட்டையைத் தூக்கியதும் அந்தக் காட்டை வெட்டியதும் யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாவியைக் கட்டுவித்து 1815இல் பதவி இழந்து வேலூரில் 1832இல் இறந்துபோன கடைசி ராஜாவும் தென்னிந்திய நாயக்கர் வம்சம்தான், இயற்பெயர் கண்ணுசாமி. 'நீங்க எங்கிருந்தோ வந்தவங்க' என்று யாராவது ஆரம்பித்தால், வாவியைக் காட்டிவிட்டு டீயைக் குடிக்கலாம்.

ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் உண்டு. விண்ணப்பத்தில் முகவரி என்று கேட்கும் இடத்தில் லய வீட்டுக்கு (தோட்டத்து வரிசை வீடு) இலக்கம் இல்லாமல் தோட்டப் பெயரை மட்டும் எழுதினால், கடிதம் தோட்ட ஆபிஸில் கிடந்து, நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு கைக்கு வரும். போன் இலக்கத்தையும் மின்னஞ்சலையும் மேலே பெரிதாக எழுதுங்கள், கடிதம் அனுப்பினால் போனிலும் சொல்லச் சொல்லுங்கள்.

சாப்பாடு?

காலையில் போடிங்கில் ஏதாவது செய்துகொள்ளுங்கள், மதியம் சோற்றுப் பார்சல், பெரும்பாலும் இரண்டு பேருக்குப் போதும், பாதியை இரவுக்கு வைக்க நினைத்தால் ஆபிஸில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா பாருங்கள், வெக்கையில் கெட்டுவிடும். நம் பக்கம் மாதிரி ரொட்டியும் சம்பலும் எல்லா இடத்திலும் கிடைக்கும். தேத்தண்ணீர் நன்றாக இருக்காது.

பெரஹரா நேரத்தில் வேலை நடக்குமா?

பாதி நடக்கும். எசல பெரஹரா ஜூலை ஓகஸ்டில் வரும், நிக்கினிப் போயாவோடு (பௌர்ணமி நாள்) முடியும்: முதல் ஐந்து இரவு கும்பல் பெரஹரா, அடுத்த ஐந்து இரவு ரந்தோலி பெரஹரா. ரந்தோலி தொடங்கிவிட்டால் மத்தியானத்திலிருந்தே வீதிகளை மூடத் தொடங்குவார்கள், நடைபாதையில் காலையிலேயே பாய் விரித்து இடம் பிடித்துவிடுவார்கள், ஆபிஸ் நேரத்தோடு மூடும், பஸ் எங்கேயோ தூரத்தில் நிற்கும். அறைக்கு எந்தப் பக்கத்தால் நடந்து போவது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். அந்த வாரம் ஊருக்குப் போவதோ ஊரிலிருந்து ஆளை வரச் சொல்வதோ வேண்டாம், வந்தால் எல்லாருக்கும் சேர்த்து உங்கள் அறைதான்.

ஆனால் ஒரு இரவாவது பாருங்கள். தலதா மாளிகை யானைகளுக்குப் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலம் வரும். கதிர்காமத்து வரிசையில் காவடி ஆடி வருவார்கள். கொப்பராப் பந்தம் எரிகிற வாசமும் மேளச் சத்தமும் சேர்ந்து வரும்போது, திருவிழாவுக்கு ஊருக்குப் போகாத குறை கொஞ்சம் தீரும்.

(ஒரு அம்மா கேட்டது) பொம்பளப் பிள்ளையத் தனியா அனுப்பலாமா?

அனுப்பலாம்மா. பிள்ளையின் போனில் எப்போதும் ரீலோட் இருக்கட்டும், போடிங் ஆன்ட்டியின் இலக்கம் உங்களிடமும் உங்கள் இலக்கம் அவரிடமும் இருக்கட்டும், அறை வெளிச்சமான வீதியில் இருக்கட்டும். பஸ்ஸில் உரசுகிறவன் எல்லா ஊரிலும் இருக்கிறான், சத்தம் போட்டால் கண்டக்டரே இறக்கிவிடுவார். தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவில் அது குற்றம், பஸ்ஸில் நடந்தாலும் ஆபிஸில் நடந்தாலும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பொலிஸ் 119. பிள்ளை அப்படி ஒன்று நடந்தது என்று சொன்னால், 'வேலையை விட்டுட்டு வா' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லாதீர்கள், அப்படிச் சொல்வார்கள் என்ற பயத்தில்தான் பாதிப் பேர் வீட்டில் வாயே திறப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது?

ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு ஓடாதீர்கள், காசும் போகும், திங்கட்கிழமை காலையில் கண்ணும் திறக்காது. துணி துவையுங்கள். கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயிலுக்குப் போனால் நம் ஊர்க்காரர் யாராவது கட்டாயம் இருப்பார்கள், எனக்கு இரண்டாவது அறை கிடைத்ததே அங்கே பேச்சுக் கொடுத்ததில்தான். வாவியைச் சுற்றி நடக்கக் காசு வேண்டாம். ஹந்தானையில் பழைய ஃபெக்டரி ஒன்றில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு தடவை போகலாம், மெஷின்களை அப்பாவுக்கு வீடியோ கோலில் காட்டினேன், அவர் அதில் ஒன்று இன்னும் தங்கள் ஃபெக்டரியில் ஓடுகிறது என்றார்.

பயிற்சி முடியும்போது என்ன வாங்க வேண்டும்?

கம்பனியின் தலைப்புத் தாளில் கடிதம். தொடங்கிய திகதி, முடிந்த திகதி, செய்த வேலைகள், பொறுப்பாளரின் பெயர், கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருக்க வேண்டும். 'நல்ல பிள்ளை, வாழ்த்துகள்' என்று மட்டும் எழுதிய கடிதம் எதற்கும் உதவாது, செய்த வேலைகளை நீங்களே எழுதிக் கொடுத்து அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பயிற்சிக் கொப்பி இருந்தால் வாரா வாரம் கையெழுத்து வாங்குங்கள், கடைசி வாரம் சீனியர் லீவில் போவார். அடையாள அட்டையில் இருக்கும் மாதிரியே உங்கள் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள், நம் பெயர்களை இங்கிலிஷில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள்.

போடிங்கில் ஒரு மாதம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். போகிற நாளில் கரண்ட் மீட்டரையும் அறையையும் படம் எடுத்து வையுங்கள், சாவியைக் கொடுக்கும்போதே முற்பணத்தையும் வாங்கிவிடுங்கள். 'பிறகு போட்டு விடுறேன்' என்றால், பரவாயில்லை, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்ளுங்கள்.